ராத்திரி சாப்பாட்டில் காய் எங்கே?



கூட்டத்தில் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் எழுதி முடித்து, பாயைச் சுருட்டும்போது ஒரு பேச்சு வரும். "இன்னிக்கு ராத்திரிக்கு என்னக்கா செய்யப் போறீங்க?" பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "என்னத்தச் செய்ய? ரசம் வச்சு அப்பளம் பொரிக்க வேண்டியதுதான். காய் செஞ்சா யாரு திங்கறா?"

இந்தக் கேள்வியைத்தான் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். நம்ம வீடுகளில் காலையும் மத்தியானமும் ஆளுக்கு ஒரு பக்கம் சாப்பிடுகிறோம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு. வேலைக்குப் போகிறவர்களுக்குத் தூக்குவாளி அல்லது கடை. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, நம்ம கையால் சாப்பிடுவது ராத்திரி ஒரு வேளைதான். அந்த ஒரு வேளையில் காய் இல்லை என்றால் அன்றைக்கு முழுக்கவே காய் குறைந்துபோகும்.

இதில் நஷ்டம் யாருக்கு? 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. அஞ்சு வயசுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளில் 100-க்கு 57 பேர். ஒரு குழுவில் 12 பேர் இருந்தால் ஆறு பேருக்கு இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். படி ஏறினால் மூச்சு வாங்குவதும், சாயங்காலமானால் கை கால் ஓய்ந்துபோவதும் "வயசாயிடுச்சு" என்பதால் மட்டும் வருவதில்லை.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு காய் வேண்டும்? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011-ல் 300 கிராம் என்று சொன்னது. 2024-ல் புதுப்பித்த வழிகாட்டியில் கீரையும் சேர்த்து 400 கிராம் என்று சொல்லியிருக்கிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் ஆகிறது. "ஐயோ, அவ்வளவா!" என்று பயப்பட வேண்டாம். ராத்திரிக்கு அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை உள்ளே போனாலே பெரிய விஷயம்.

ஏன் ஒதுக்குகிறார்கள்?

காய் வாங்காததற்கு விலையைக் காரணம் சொல்கிறோம். அது பாதிதான் உண்மை. வாங்கிச் செய்து, யாரும் தொடாமல் காலையில் குப்பைக்குப் போகும்போதுதான் மனசு விட்டுப்போகிறது. அடுத்த வாரம் வாங்கவே கை வராது. அதனால் முதலில் ஒதுக்குவதற்கு வழி சொல்ல வேண்டும், அப்புறம்தான் சிக்கனம்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கசப்பு நம்மைவிடக் கூடுதலாகத் தெரியும். பிடிவாதம் என்று அடிக்க வேண்டியதில்லை. புதுக் காயை ஒரு தடவை துப்பினால் "அவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்தி விடுகிறோம். கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து தடவைக்கு மேல் கூட வைக்க வேண்டியிருக்கும், அதற்குப் பிறகுதான் நாக்கு பழகும்.

இன்னொன்று, ஆறு மணிப் பசி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அஞ்சு ரூபாய் பாக்கெட் ஒன்று வாங்கித் தந்தால் எட்டு மணிக்குப் பசி எங்கே இருக்கும்? இரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று என்றால் நாளைக்கு 10 ரூபாய், மாதத்துக்கு 300 ரூபாய். நம்மில் பலர் குழுவில் கட்டும் மாதச் சேமிப்பைவிட இது அதிகம்! அந்த நேரத்தில் அவித்த கடலை, சுண்டல், நறுக்கிய வெள்ளரிக்காய், கேரட் எதையாவது தட்டில் வையுங்கள். அகோரப் பசியில் காய் என்று பார்க்க மாட்டார்கள்.

வீட்டில் பெரியவர் காயை ஓரம் தள்ளினால் பிள்ளையும் தள்ளும். இதை வீட்டுக்காரரிடம் பிள்ளைகள் முன்னால் சொல்லாமல் தனியாகச் சொல்வதுதான் நல்லது.

பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதில் சமைப்பவர்கள் நம்ம சுய உதவிக் குழுப் பெண்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறி சாம்பார், இவ்வளவுதான் பட்டியல். வீட்டில் காயைப் பொறுக்கி வைக்கும் அதே பிள்ளை அங்கே சாம்பாரோடு சாப்பிட்டுவிட்டு வருகிறது. ஏன்? எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து ஒன்றையே சாப்பிடுகிறார்கள். காய் தனியாக ஓரத்தில் இல்லை, சாப்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. "இது வேணாம்னா முட்டை பொரிச்சுத் தாரேன்" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

ஓரத்தில் வைத்தால் ஓரம் போகும்

ராத்திரிக்குக் காயைப் பொரியலாகத் தனியே வைக்காதீர்கள். பொரியல் என்றால் தட்டின் ஓரம், ஓரத்தில் இருப்பதைத் தள்ளுவது சுலபம். சாதத்திலோ மாவிலோ குழம்பிலோ கலந்துவிட்டால் தள்ள முடியாது. ஏமாற்றிக் கொடுக்கிறோம் என்று நினைக்க வேண்டாம், நம்ம ஊர்ச் சமையலில் பாதி இப்படித்தான். கூட்டு, அவியல், கிச்சடி, அடை எல்லாம் என்ன?

அடையை எடுத்துக்கொள்வோம். ரேஷன் புழுங்கல் அரிசி 2 டம்ளர். துவரம் பருப்பு அரை டம்ளர், கடலைப் பருப்பு கால், உளுந்து கால், ஆக பருப்பு 1 டம்ளர். ஆறு வரமிளகாயோடு மூணு மணி நேரம் ஊற வைத்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். ஆட்டும்போது தண்ணீரை மிகக் குறைவாக விடுங்கள், ஏனென்றால் இதில் துருவிய மஞ்சள் பூசணி அல்லது சுரைக்காய் அரை கிலோ சேரப்போகிறது. அந்தக் காயே தண்ணீர் விடும். பரங்கிக்காய், அரசாணிக்காய் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும் அந்த மஞ்சள் பூசணிதான் இதற்கு ராஜா. அடை சிவந்தால் காய் இருப்பதே தெரியாது, லேசாக ஒரு தித்திப்பு மட்டும் வரும். சோம்பு, கறிவேப்பிலை, நறுக்கிய வெங்காயம் போட்டுக் கனமாகத் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். எண்ணெயை ஒரேயடியாகக் குறைக்கவும் கூடாது. மஞ்சள் காயிலும் கீரையிலும் உள்ள, கண்ணுக்கு நல்லது செய்யும் சத்து உடம்பில் சேர கொஞ்சம் எண்ணெய் வேண்டும். இந்த அளவுக்குப் பதினாலு, பதினஞ்சு அடை வரும். தொட்டுக்கொள்ள வெல்லம் போதும், சட்னி அரைக்கும் வேலையும் மிச்சம்.

அடைக்கு முருங்கைக்கீரையும் அருமையாக இருக்கும். ஆனால் "ராத்திரி கீரை ஆகாது" என்று மாமியார் சொல்லும் வீடு நிறைய. விளக்கு வெளிச்சத்தில் ஆய்ந்தால் புழு பூச்சி தெரியாது என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இதற்காகச் சண்டை வேண்டாம். கீரையை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டு ராத்திரிக்குக் காய் போடுங்கள்.

நேரம் இல்லாத நாளுக்குக் கோயம்புத்தூர், ஈரோட்டுப் பக்கம் செய்யும் அரிசிம்பருப்பு சாதம் கை கொடுக்கும். அரிசி 2 டம்ளர், துவரம் பருப்பு அரை டம்ளர், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், மிளகு தாளித்து, ஆறரை டம்ளர் தண்ணீர் விட்டு, குக்கரில் நாலு விசில். அங்கே பெரும்பாலும் காய் போட மாட்டார்கள். நாம் அவரை, கேரட், முட்டைக்கோஸ், கத்தரிக்காய், வீட்டில் என்ன கிடக்கிறதோ பொடியாக நறுக்கி அரை கிலோ போடலாம். ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு. சாதம் தனி, குழம்பு தனி, பொரியல் தனி என்று மூணு தடவை அடுப்பை எரிப்பதோடு ஒப்பிட்டால் சிலிண்டர் கூட நாலு நாள் வரும்.

ரவை கிச்சடிக்கு 1 டம்ளர் ரவைக்கு 2 டம்ளர் நறுக்கிய காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக் கிச்சடியில் காயைத் தேட வேண்டும், நம்ம கிச்சடியில் ரவையைத் தேட வேண்டும்.

சாம்பாருக்கு ஒரு வழி: மூணு விதக் காயில் ஒன்றை மட்டும் துண்டாகப் போடுங்கள். மற்ற இரண்டையும் பருப்போடு குழைய வேகவைத்து மத்தால் கடைந்துவிடுங்கள். பருப்பு பத்தாதபோது தண்ணீரை ஊற்றி நீட்டுகிறோமே, அதற்குப் பதில் பூசணியால் நீட்டலாம். குழம்பு கெட்டியாகவும் இருக்கும். பருப்பின் அளவை மட்டும் குறைக்காதீர்கள்.

ஆளுக்கு ஒரு பிடிவாதம் உள்ள வீட்டில் மூணு சமையல் செய்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே சமையலைக் கடைசியில் பிரித்தால் போதும். காரம் போடும் முன் சின்னவனுக்கு ஒரு கரண்டி எடுத்து வையுங்கள். பல் இல்லாத தாத்தாவுக்கு அதையே மசித்துக் கொடுங்கள். காரம் கேட்பவருக்கு மிளகாய்ப் பொடியும் எண்ணெயும் பக்கத்தில்.

காசு எங்கே மிச்சமாகும்?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், நம்ம சகோதரிகளுக்குப் பேரம் பேச யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. வாரச் சந்தை கலையும் நேரத்தில் விலை இறங்கும். உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் அங்கே போங்கள். 1999-ல் மதுரையில் முதலில் தொடங்கியது, இப்போது பல ஊர்களில் இருக்கிறது. விலையைப் பலகையில் எழுதிப் போடுவார்கள். வாங்கும்போது முதலில் அழுகும் காயையும் பிறகு அழுகும் காயையும் கலந்து வாங்குங்கள். கீரை, வெண்டை, தக்காளி முதல் மூணு நாளைக்கு. கேரட், கோஸ், சேனை, முழுப் பூசணி வாரக் கடைசிக்கு. வெட்டாத மஞ்சள் பூசணி வாரக்கணக்கில் கெடாது. பாதியாக வாங்குவதற்குப் பதில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரு முழுக் காயாக வாங்கி, செய்கிற அன்றைக்கு வெட்டிப் பிரித்துக்கொள்ளலாம்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதும், ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த மாதிரிச் சமயத்தில் தக்காளியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். புளி இருக்கிறது, கோடையில் மாங்காய் இருக்கிறது, நெல்லிக்காய் இருக்கிறது. முருங்கைக்காய் கோடையில் மலிவு, மழைக்காலத்தில் ஆனை விலை. விலை கூடிய காயை விட்டு மலிந்த காயைப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

வெட்டி எறிவதிலும் காசு போகிறது. பீர்க்கங்காய்த் தோலில் துவையல், கீரைத்தண்டில் சாம்பார், முள்ளங்கிக் கீரையில் பொரியல், காலிஃபிளவர் தண்டில் கூட்டு. கடையில் வாங்கியது என்றால் மருந்து அடித்திருப்பார்கள், மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீரில் நன்றாக அலசிக்கொள்ளுங்கள். அலசிய பிறகே நறுக்க வேண்டும். நறுக்கிவிட்டு அலசினால் சத்து தண்ணீரோடு போய்விடும். வெந்த தண்ணீரையும் கீழே ஊற்றாதீர்கள், ரசத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம தட்டு

இதுதான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு, சட்டியில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிடுகிறவர் யார்? நாம்தான். காய் தனியாக இருந்தால் அது முன்னாலேயே தீர்ந்திருக்கும், நமக்குச் சாதமும் ரசமும் ஊறுகாயும்தான். ரத்தசோகை நம்மிடம் இத்தனை அதிகமாக இருப்பதற்கு மாதவிலக்கு, பிரசவம் என்று காரணங்கள் உண்டு. இப்படிக் கடைசியில் சாப்பிடுவதும் ஒரு காரணம். கலந்த சாப்பாட்டில் கடைசிக் கரண்டியிலும் காய் இருக்கும். அதோடு நிற்காமல், பரிமாறத் தொடங்கும்போதே உங்கள் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள். முடிந்தால் அவர்களோடேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். "என்னடி புதுசா?" என்று இரண்டு நாள் கேட்பார்கள், மூணாம் நாள் கேட்க மாட்டார்கள்.

கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதற்குப் புளிப்பு உதவும். அடுப்பை அணைத்த பிறகு அரை எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள், அல்லது ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அந்தச் சத்தை அது தடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள். ஏற்கெனவே ரத்தம் குறைவு என்று சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்திருந்தால் அதை நிறுத்தக் கூடாது. முருங்கைக்கீரை சாப்பிடுகிறோமே என்று மாத்திரையை மாடத்தில் வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கீரை நல்லதுதான், ஆனால் ரத்தம் வெகுவாகக் குறைந்தபின் கீரை மட்டும் அதை ஏற்றிவிடாது.

மீந்த சாம்பாரை, அடை மாவை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம். சாம்பாரை ராத்திரியே ஒரு கொதி கொதிக்கவைத்து மூடுங்கள், காலையில் மறுபடி கொதிக்க வைத்துத்தான் தொட வேண்டும். தேங்காய் அரைத்து ஊற்றியதை வெயில் காலத்தில் வைக்காதீர்கள். மாவு மட்டும் காலைக்கு லேசாகப் புளித்திருக்கும். சின்ன வெங்காயத்தைக் கூட நாலு அரிந்து போட்டுக் குழிப்பணியாரச் சட்டியில் ஊற்றினால் பிள்ளைகள் அடுப்படியிலேயே தீர்த்துவிடுவார்கள்.