நிலக்கரி வண்டி நின்ற ஊர்

2015ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 15ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் ரெனசி மாநிலத்திலுள்ள எர்வின் என்னும் மலையடிவாரச் சிற்றூரிலே புகையிரதத் தொழிலாளருக்கு ஓர் அறிவித்தல் கிடைத்தது. சீ.எஸ்.எக்ஸ். என்னும் புகையிரதக் கம்பனி அவ்வூரில் நடத்தி வந்த வண்டிமுற்றத்தையும், எஞ்சின் பழுதுபார்க்கும் தொழிற்கூடத்தையும் மூடிவிடத் தீர்மானித்திருந்தது. சுமார் 300 பேருக்கு இனி அங்கே வேலையில்லை. எர்வினின் சனத்தொகை ஏறக்குறைய 6,000. உழைப்பவர் ஒருவரை நம்பி மூவர் நால்வர் வாழ்கின்றனர் எனக் கணக்கிடுவோர்க்கு, அந்த அறிவித்தல் எத்துணைப் பெரியது என்பது விளங்கும்.

நிலக்கரியின் காலம் மங்கி வருகின்றது என்னும் செய்தி அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே பத்திரிகைகளில் அடிபட்டது. சுரங்கத் தொழிலாளரின் நிலை பற்றி அரசியல்வாதிகளும் அறிஞர்களும் நிறையவே பேசினர். ஆனால், சுரங்கவாயிலிலிருந்து அனல்மின் நிலையம்வரை அக்கரியைச் சுமந்து சென்ற புகையிரதத் தொழிலாளரைப் பற்றிப் பேசியவர் சிலரே. கரி குறையுந்தோறும் வண்டிகளும் சிறிது சிறிதாகக் குறையும் என்றே பலரும் எண்ணினர். புகையிரதத்தின் கணக்கு அவ்வாறு செல்வதன்று. கரி பாதியாகக் குறைந்த இடத்தில் வேலை பாதியாகக் குறையாது, முழுவதுமே போய்விடக்கூடும். இதன் காரணத்தை அறிய அப்பாதை பிறந்த கதையைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

எர்வின் ஊடாகச் செல்லும் பாதை கிளின்ச்பீல்ட் புகையிரதப் பாதை என்று பெயர் பெற்றது. கென்ரக்கி மாநிலத்தின் எல்க்கோர்ன் சிற்றியிலிருந்து தென் கரொலைனாவின் ஸ்பார்ட்டன்பேர்க் வரை அதன் நீளம் 277 மைல். ஜோர்ஜ் கார்ட்டர் என்னும் தொழிலதிபர் வேர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையிலிருந்த நிலக்கரியைத் தெற்கே கொண்டுசெல்லும் பொருட்டே இதனை அமைத்தார். 1909இல் ஸ்பார்ட்டன்பேர்க் வரையும், 1915இல் வடக்கே எல்க்கோர்ன் சிற்றி வரையும் பாதை நிறைவெய்தியது. அப்பலாச்சிய மலைத்தொடரைக் குறுக்கே வெட்டிச் செல்வதாதலால் இப்பாதையில் 55 சுரங்கவழிகள் குடையப்பட்டன. வட கரொலைனாவின் அல்ற்றாபாஸ் என்னுமிடத்தில் மலைச்சரிவைச் சுற்றிச் சுற்றி இறங்கும் வளைவுகளில் மாத்திரம் 18 சுரங்கவழிகள் உள்ளன. மலைநாட்டுப் புகையிரதத்தில் பயணஞ் செய்த நேயர்கள் அத்தகைய வளைவுகளைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

இவ்வளவு பொருட்செலவில் அமைந்த பாதையின் ஓரத்திலே பெருநகரம் ஒன்றேனும் இல்லை. இங்கேதான் பின்னாளில் வந்த துன்பத்தின் வித்து இருக்கின்றது. கரிதான் இப்பாதையின் முதற் சரக்கு, மற்றவையெல்லாம் அதன் முதுகிலேறிச் சென்றவை. ஸ்புறூஸ் பைன் என்னும் ஊரிலிருந்து பெல்ஸ்பார் என்ற கனிப்பொருளும், மிகத் தூய படிகக்கல்லும் சென்றன. (இன்று கணினிச் சில்லுகள் செய்வதற்கான சிலிக்கனை உருக்கும் பாத்திரங்கள் அந்தப் படிகக்கல்லினால் ஆனவை.) மரம், உணவுத் தானியம் முதலியனவும் போயின. ஆயினும், 55 சுரங்கவழிகளையும் எண்ணற்ற பாலங்களையும் பேணும் செலவை இவற்றால் ஒருபோதும் ஈடுசெய்ய இயலாது.

சுரங்கவழியின் மேற்கூரையிலிருந்து நீர் கசிகின்றது. அதனைச் சீர்செய்யும் செலவு, நாளொன்றுக்குப் பத்து வண்டிகள் போனாலும் ஒரு வண்டி போனாலும் பெரும்பாலும் ஒன்றே. சிலிப்பர்க் கட்டைகள் மழையில் உளுத்துப்போகின்றன. வண்டி ஓடவில்லை என்பதற்காக அவை உளுக்காமல் இருப்பதில்லை. சமிக்ஞை விளக்கும், மண்சரிவைக் காக்கும் காவலும் அவ்வாறே. பத்து வண்டிகளின் வருமானத்தில் பங்கிடப்பட்ட செலவு ஐந்து வண்டிகளின் தலையில் விழும்போது இலாபம் பாதியாவதில்லை, மறைந்துவிடுகின்றது. அந்நிலையில் கம்பனியின் தலைமை அலுவலகத்திலே படத்தை விரித்து வைத்திருப்பவர், எஞ்சிய ஐந்து வண்டிகளையும் சற்றுச் சுற்றான வேறொரு பாதையாலே திருப்பிவிட்டால் என்ன என்று எண்ணத் தொடங்குகிறார். அவர் அவ்வாறு எண்ணிய நாளிலேயே எர்வினின் கதி முடிவாகிவிட்டது எனலாம்.

கரி ஏன் குறைந்தது? இதற்கு ஒரே காரணத்தைக் காட்டி வாக்குச் சேர்த்தவர்கள் அமெரிக்காவில் உண்டு. வளிமண்டலத்தைக் காக்கும் சட்டங்களே அனைத்தையும் அழித்தன என்றனர் ஒரு சாரார். 2015இல் நடைமுறைக்கு வந்த இரசக் கட்டுப்பாட்டு விதிகளினால் பழைய அனல்மின் நிலையங்கள் பல மூடப்பட்டது உண்மையே. ஆனால் அது முழு உண்மையன்று. பாறையைப் பிளந்து இயற்கை வாயுவை எடுக்கும் முறை 2008ஆம் ஆண்டளவில் பெருகியபின், வாயுவின் விலை கரியோடு போட்டியிடும் அளவுக்கு வீழ்ந்தது. வியப்பு யாதெனில், அவ்வாயுவின் பெரும்படுகைகளுள் ஒன்று அதே அப்பலாச்சிய மலைப்பகுதியின் அடியிலேயே கிடந்தது. கரியை எடுத்துச் செல்லப் புகையிரதம் வேண்டும். வாயு குழாய் வழியே தானே சென்றுவிடும்.

மேலும், அப்பலாச்சிய மலையின் நடுப்பகுதியில் எளிதில் எடுக்கக்கூடிய நல்ல கரி நூறாண்டுகளாகத் தோண்டியதில் வெகுவாகத் தீர்ந்துபோயிற்று. எஞ்சியவை மெல்லிய அடுக்குகள். அதே வேளையில், மேற்கே வையோமிங் மாநிலத்தில் 60 அடிக்கும் மேற்பட்ட தடிப்புள்ள கரிப்படுகையை நிலத்தின் மேலிருந்தே பாரிய இயந்திரங்கள் அள்ளின. ஆகவே வாயு வருமுன்னரே கிழக்கத்திய கரியின் விலை மேற்கத்திய கரிக்கு முன் நிற்கமாட்டாது தளர்ந்திருந்தது. பின்னர் மேற்கும் தப்பவில்லை. 2016ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் வையோமிங்கின் இரு பெருஞ் சுரங்கங்கள் ஒரே நாளில் 465 பேரை நிறுத்தின. அவ்வாண்டு யூனியன் பசிபிக் கம்பனியின் எஞ்சின்கள் அரிசோனாப் பாலைவனத்தில் வேலையின்றி வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்டன.

எண்களும் இதனையே கூறும். 2008இல் ஐக்கிய அமெரிக்கா எடுத்த கரி ஏறக்குறைய 117 கோடி தொன். 2016இல் அது சுமார் 73 கோடி. அந்நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியைத் தந்த கரி, 2016இல் 30 வீதத்துக்கு இறங்கி, முதன்முறையாக வாயுவுக்குப் பின்னே நின்றது. 2023இல் அது சுமார் 16 வீதமே. பெரும் புகையிரதக் கம்பனிகள் 2008இல் 77 இலட்சம் பெட்டி கரியை ஏற்றின, 2020இல் ஏற்றியவை 30 இலட்சம் அளவே. சீ.எஸ்.எக்ஸ். கம்பனிக்குக் கரியால் வந்த வருமானம் 2011க்கும் 2015க்கும் இடையில் ஏறத்தாழ 140 கோடி டொலரால் வீழ்ந்தது.

இனி, பாதையை மூடுதல் என்பதன் பொருளைச் சற்றுத் தெளிவுபடுத்துதல் வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி ஒரு கம்பனி தன் பாதையைத் தான் நினைத்தவாறு கைவிடல் இயலாது. தரைவழிப் போக்குவரத்துச் சபையின் அனுமதி பெறவேண்டும். அப்பாதையை நம்பிய வணிகர் மறுப்புத் தெரிவிக்கலாம். ஆனால், நெடுந்தூரம் செல்லும் வண்டிகளை வேறு பாதைக்குத் திருப்பவோ, ஒரு வண்டிமுற்றத்தை மூடவோ, ஒரு தொழிற்கூடத்தின் கதவைச் சாத்தவோ எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. சட்டம் தண்டவாளத்தைக் காத்தது, தொழிலாளியைக் காக்கவில்லை. எர்வினில் நிகழ்ந்தது இதுவே. தண்டவாளம் பெயர்க்கப்படவில்லை, படத்திலே பாதை இருந்தது, உள்ளூர்ச் சரக்கும் சிறிது நடந்தது. வேலை மாத்திரம் போயிற்று.

வேலை போயிற்று என்று ஒரு சொல்லிற் கூறுவது எளிது. புகையிரதத் தொழிலில் அது போகும் வழி விசித்திரமானது. அங்கே எல்லாம் சேவைமூப்பின்படி நடக்கும். எந்த வண்டியை ஓட்டுவது, எந்த நாளில் ஓய்வு பெறுவது, வேலை குறையும்போது யார் வெளியேறுவது என்பனவெல்லாம் சேர்ந்த திகதியைப் பொறுத்தவை. ஓர் ஊரில் முற்றம் மூடப்பட்டால், அங்குள்ள மூத்த தொழிலாளி தன் மூப்புச் செல்லுபடியாகும் வேறோர் ஊருக்குச் சென்று, அங்குள்ள இளையவரைத் தள்ளிவிட்டு அவருடைய இடத்தைப் பெறலாம். தள்ளப்பட்டவர் தமக்கும் இளையவரைத் தேடுவார். இறுதியில், எர்வினைக் கண்ணாலும் கண்டிராத இளைஞன் ஒருவன், நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால், தன் முதற்குழந்தை பிறந்த ஆண்டிலே வேலையிழந்து நிற்கக்கூடும். ஆகவே மூடிய இடத்தில் இழந்தோரை மட்டும் எண்ணுபவர் கணக்கில் தவறுகின்றார்.

மூத்தவருக்கும் இது இன்பமன்று. அமெரிக்கப் புகையிரதத் தொழிலாளரின் இளைப்பாற்றுச் சம்பளம் நாட்டின் பொதுத் திட்டத்தினின்று வேறானது. 1930களிலே அவர்களுக்கெனத் தனிச் சட்டத்தால் நிறுவப்பட்டது. முப்பது ஆண்டுகள் சேவை செய்தவர் 60 வயதில் முழு இளைப்பாற்றுச் சம்பளம் பெறலாம். இருபத்தாறு ஆண்டுகள் சேவை செய்து ஐம்பது வயதில் நிற்பவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். இன்னும் நான்கு ஆண்டுகள் தேவை. ஊரில் புகையிரத வேலை இல்லை. வேறு வேலை தேடினால் அந்த ஆண்டுகள் முப்பதிற் சேரா. அயல் மாநிலத்துக்குப் போவதாயின் வீட்டை விற்கவேண்டும். முற்றம் மூடிய ஊரிலே வீடு வாங்குவோர் யார்? பலர் குடும்பத்தை ஊரில் விட்டுத் தொலைவிலே அறை வாடகைக்கு எடுத்துத் தங்கினர். இந்த நான்கு ஆண்டுக் கணக்கு எந்தப் புள்ளிவிவர ஏட்டிலும் வேலையிழப்பு என்று பதியப்படுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. நூறு பெட்டிக்கு மேற்பட்ட கரிவண்டியை ஓட்டிச் செல்வோர் இன்று இருவரே. எனவே இழக்கப்பட்ட வேலைகளுட் பெரும்பகுதி வண்டியோட்டிகளுடையதன்று. இரும்பைத் தட்டியும் எண்ணெயிற் குளித்தும் எஞ்சினைப் பேணிய கைவினைஞர், முற்றத்தில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்ப்போர், எழுதுவினைஞர் ஆகியோருடையவை. கென்ரக்கியின் கோர்பின் என்னும் ஊரிலே 2015 செப்டெம்பரில் எஞ்சின் தொழிற்கூடம் மூடப்பட்டபோது சுமார் 180 வேலைகள் போயின. பொரித்த கோழியால் உலகெங்கும் பெயர் பரப்பிய சாண்டர்ஸ் தம் சிற்றுண்டிச் சாலையை நடத்தியது இக்கோர்பினிலேதான். ஆனால் அவ்வூரை ஊராக்கியது கோழியன்று, புகையிரதமே.

வேர்ஜீனியாவின் ரோனோக் நகரின் கதை இன்னும் உருக்கமானது. அங்கே தலைமையகம் கொண்டிருந்த நோர்போக் அன்ட் வெஸ்ரேண் கம்பனி, கரியைச் சுமந்து பிழைத்தமையால் கரிக்கு விசுவாசமாயிருந்தது. ஏனைய கம்பனிகள் டீசலுக்கு மாறிய பின்பும் அது நீராவி எஞ்சின்களைத் தன் தொழிற்கூடத்திலேயே 1953 வரை கட்டி, 1960 வரை ஓட்டியது. அதன் வழித்தோன்றலான நோர்போக் சதேர்ண் 2015இல் அங்கிருந்த அலுவலகத்தையும், 2020இல் எஞ்சின் தொழிற்கூடத்தின் வேலையையும் அந்நகரை விட்டு அகற்றியது.

எல்லாப் பாதைகளுக்கும் ஒரே முடிவு நேர்ந்ததாகக் கொள்ளுதலும் பொருந்தாது. ஒகையோவையும் மேற்கு வேர்ஜீனியாவையும் இணைத்த ஒரு நீண்ட பாதையை நோர்போக் சதேர்ண் 2016இல் சிறு புகையிரதங்களை நடத்தும் வாற்கோ என்னும் கம்பனிக்குக் குத்தகைக்கு விட்டது. பெருங் கம்பனிக்கு இலாபமற்ற பாதையும் சிறு கம்பனிக்குச் சோறு போடும். அதற்குப் பெரிய அலுவலகம் இல்லை, ஒருவரே பல வேலைகள் செய்வார், பத்துப் பெட்டி தரும் மரவாடிக்காரனையும் நேரிற் கண்டு பேசுவர். வேலைகளின் தொகை முன்னையது போல் இராது, ஆயினும் தண்டவாளம் துருப்பிடியாது.

எர்வினுக்கு இத்தகைய அடி புதிதன்று. பாதையின் பயனாக அங்கே வந்த மட்பாண்டத் தொழிற்சாலை ஒன்று, கையால் வர்ணந் தீட்டிய தட்டங்களுக்கு நாடெங்கும் பெயர் பெற்றிருந்து 1957இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் அணு எரிபொருள் ஆக்கும் தொழிற்சாலை ஒன்று அவ்வூருக்கு வந்தது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளுக்கு எரிபொருள் ஆக்கும் அத்தொழிற்சாலை நிலைத்திருந்தமையால், 2015இல் ஊர் முற்றாகச் சாய்ந்துவிடவில்லை. ஒரு தொழிலையே நம்பிய கரிநகரங்கள் பலவற்றுக்கு அத்தகைய ஊன்றுகோல் வாய்க்கவில்லை. உல்லாசப் பயணிகளை நம்பி வாழலாம் என்றும் எர்வினிற் பேசப்பட்டது. ஊரருகே ஓடும் நோலிச்சக்கி ஆற்றில் தோணிவிடவும் மலையேறவும் வருவோர் உண்டு. ஆனால் தோணிக்காரரின் பருவகால ஊதியம், ஆண்டு முழுவதும் உழைத்த எஞ்சின் கம்மியரின் ஊதியத்துக்கு ஈடாகாது.

2024 செப்டெம்பர் இறுதியில் ஹெலீன் என்னும் சூறாவளியின் மழையால் அதே நோலிச்சக்கி ஆறு பெருகி, மலையிடுக்கின் ஊடே சென்ற பழைய கிளின்ச்பீல்ட் பாதையை மைல் கணக்கில் பெயர்த்தெறிந்தது. கரியில்லாத பாதையை இனி எவர் திரும்பக் கட்டுவர் என்று எண்ணியவர் பலர். கம்பனி அதனைக் கைவிடவில்லை. கல்லும் மண்ணும் கொட்டி மலையிடுக்கில் மீண்டும் தண்டவாளம் அமைக்கும் வேலையைத் தொடங்கியது. ஆற்றிலிருந்து கல் அள்ளப்படுகிறது என்று ஊரவரும் தோணிக்காரரும் வழக்காடும் அளவுக்கு அவ்வேலை விரைந்து நடந்தது. அவ்வாறு மீண்டும் அமைக்கப்பட்டது பாதையே. 2015இல் கதவு சாத்திய தொழிற்கூடம் அத்திட்டத்தில் இடம்பெறவில்லை.