வாங்குன 10 நாளில் தங்க மீன் சாவது ஏன்? கொல்வது நோய் இல்லை... சுத்தம்!

சென்னை:
ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் கூட்டம் அலைமோதும். பிள்ளைகள் அடம்பிடிக்க, பிளாஸ்டிக் கவரில் ஒரு ஜோடி தங்க மீனோடு பைக்கில் வீடு திரும்பும் அப்பாக்கள் ஏராளம். ஆனால் அடுத்த ஞாயிறு வருவதற்குள் பல வீடுகளில் மீன் மல்லாந்து மிதக்கும். பிள்ளை ஒரு பக்கம் அழ, "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று அப்பா ஒரு பக்கம் கொதிக்க, மறுபடி ஒரு ஜோடி, மறுபடி அதே கதை.

நோய் மீனை தலையில் கட்டும் கடைகளும் உண்டு. மறுப்பதற்கில்லை. ஆனால் பெரும்பாலும் கொலையாளி இருப்பது வீட்டுத் தொட்டிக்குள்ளேதான். அவன் பெயர் அம்மோனியா.

சோப்பு போட்டால் சோலி முடிஞ்சுது!

மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியே விடுகிறது. மிச்சம் கிடக்கும் தீனி அழுகினாலும் அதே விஷம்தான். தண்ணீர் பார்க்க பளிங்கு மாதிரி இருக்கும். உள்ளே விஷம் ஏறிக்கொண்டே போகும்.

இதை தின்று தீர்க்க ஒரு வகை நல்ல பாக்டீரியா இருக்கிறது. பில்டர் ஸ்பாஞ்சிலும், அடியில் கிடக்கும் கூழாங்கல்லிலும் குடியிருக்கும். அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம். பிறகு அதை நைட்ரேட்டாக மாற்றும். அதனால் அவ்வளவு ஆபத்து இல்லை. புது தொட்டியில் இந்த பாக்டீரியா செட் ஆக 4 முதல் 6 வாரம் பிடிக்கும்.

நம்ம ஆட்கள் என்ன செய்கிறார்கள்? வாராவாரம் மொத்த தண்ணீரையும் கொட்டிவிட்டு, கல், ஸ்பாஞ்ச், கண்ணாடி எல்லாவற்றையும் சோப்பு போட்டு தேய்க்கிறார்கள். பாக்டீரியா அத்தனையும் காலி! போதாததற்கு குழாய் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றுகிறார்கள். அதில் உள்ள குளோரின் மீனின் செவுளையே அரித்துவிடும்.

வாரம் ஒரு தடவை கால் பங்கு தண்ணீரை மட்டும் டியூப் வைத்து அடியில் இருந்து உறிஞ்சி எடுத்தால் போதும். ஸ்பாஞ்சை அந்த பழைய தண்ணீரிலேயே அலசிவிட்டு மாட்ட வேண்டும். சோப்பு பக்கமே போகக் கூடாது. புது தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து ஊற்றலாம். அவசரம் என்றால் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு இருக்கிறது.

இரைப்பையே இல்லாத மீன்

ஒரண்டா, ரியூகின், பிளாக் மூர் எல்லாம் சீனாவில் சாதாரண கெண்டை இனத்தில் இருந்து பல நூறு ஆண்டுகளாக பொறுக்கிப் பொறுக்கி வளர்த்து உருவான தங்க மீன்களின் வகைகள். அழகுக்காக உடம்பை குறுக்கி உருண்டையாக்கிவிட்டார்கள். உள்ளே குடல் நெருக்கியடித்துக் கிடக்கிறது. தங்க மீனுக்கு இரைப்பையே கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. போட்டதை எல்லாம் தின்னும். குடல் வீங்கி காற்றுப்பையை அழுத்தினால் மீன் தலைகீழாக நீந்தும்.

2 நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, தினமும் 2 வேளை போதும். உருண்டை தீனியை ஊறவைத்துப் போட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் பட்டினி. தலைகீழாக நீந்த ஆரம்பித்தால் 2 நாள் தீனியை நிறுத்திவிட்டு, வேகவைத்து தோல் உரித்த பச்சை பட்டாணியை நசுக்கிப் போட்டுப் பார்க்கலாம்.

சின்ன உருண்டை ஜாடியில் வளர்ப்பது வேண்டவே வேண்டாம். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி என்றால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். அதில் 2 குட்டி மீன் விடலாம், அதற்கு மேல் வேண்டாம். வளர்ந்தால் ஒவ்வொன்றும் அரை அடியைத் தாண்டும், பெரிய தொட்டி பார்க்க வேண்டி வரும். தொட்டியை கிளீன் பண்ணும் என்று சொல்லி விற்கும் சக்கர் மீனை சேர்த்து விடக் கூடாது. ராத்திரியில் தங்க மீன் உடம்பில் ஒட்டிக்கொண்டு மேல் வழவழப்பை உறிஞ்சிவிடும்.

நல்லா பார்த்துக்கொண்டால் 10 வருடம் வாழக்கூடிய மீன் இது. இங்கிலாந்தில் 1956-ல் திருவிழா விளையாட்டில் பரிசாக கிடைத்த 'டிஷ்' என்ற சாதாரண தங்க மீன் 1999 வரை 43 வருடம் வாழ்ந்து கின்னஸில் இடம்பிடித்தது. அது குளிர் ஊர். நம்ம ஊர் கத்திரி வெயிலில் நிலைமை வேறு.

தண்ணீர் சூடானால் அதில் ஆக்சிஜன் குறையும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் தீனிக்கு கெஞ்சுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். மூச்சு முட்டலாக இருக்கலாம். ஏர் பம்ப் ராத்திரி பகல் ஓட வேண்டும். கரண்ட் போனால் மக்கில் தண்ணீரை மொண்டு உயரத்தில் இருந்து திரும்பத் திரும்ப ஊற்றினாலே தற்காலிகமாக தாக்குப்பிடிக்கும்.

புது மீன் வாங்கி வந்தால் கவரை அப்படியே 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு வலையில் மீனை மட்டும் எடுத்து விட வேண்டும். கடைத் தண்ணீர் ஒரு சொட்டு கூட தொட்டிக்குள் போகக் கூடாது.