கணக்கா, கனிவா?



ராக் இசைக் குழுக்களில் எது உசத்தி என்று வாக்குவாதம் செய்ய ஜொகூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981-இல் ஜொகூர் பாருவில் பிறந்த குழுதான் ‘சர்ச்’. 1989-இல் வந்த ‘ஃபெனோமெனா’ தொகுப்பும், அதிலிருந்த ‘இசபெல்லா’ பாட்டும் கடல் கடந்து இந்தோனேசியா வரை போய்க் கொடி நாட்டின. எதிர்ப்பக்கத்தில் ‘விங்ஸ்’ குழு. ஏமியின் குரலா, அவியின் குரலா என்று காப்பிக்கடை மேசைகள் அதிர்ந்த காலம் அது. அப்போது தகவல் அமைச்சராக இருந்த முகமது ரஹ்மாட்டும் ஜொகூர்க்காரர்தான். நீளமுடி ராக் பாடகர்களுக்கு ஆர்.டி.எம்.மில் இடமில்லை என்று அவர் உறுதியாக நின்றார். 1992-இல் இரண்டு குழுவினரும் முடியைக் கத்தரித்துக்கொண்டார்கள். ரசிகர்கள் மட்டும் வாதத்தைக் கத்தரிக்கவில்லை!

இன்று நான் பேச வந்த வழக்கு அதைவிடப் பழையது. ‘புரோகிரெசிவ் ராக்’ என்று ஒரு வகை உண்டு. பிங்க் ஃபிலாய்ட், யெஸ், ஜெனசிஸ், கிங் கிரிம்சன், ஜெத்ரோ டல், எமர்சன் லேக் அண்ட் பால்மர் என்று ஆறேழு பிரிட்டிஷ் குழுக்கள். இவற்றில் எது சிறந்தது என்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் வாதாடுகிறார்கள். நம் வீடுகளிலும் அந்த ரசிகர்கள் இருக்கிறார்கள். மகன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிடம் ஓடுகிற ஒரு பாட்டைக் கேட்கிறான். “தலையும் இல்லை, வாலும் இல்லை, என்னடா சத்தம் இது?” என்கிறார் கூடத்தில் இருக்கும் அப்பா. “அப்பாவுக்கு எம்.எஸ்.வி.யைத் தாண்டி ஒன்றும் தெரியாது” என்கிறான் பிள்ளை. இருவரும் ஒருவரை ஒருவர் செவிடர் என்று நினைத்துக்கொண்டு ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். அந்த இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பேச்சு.

முதலில் இது என்ன இசை என்று பார்த்துவிடுவோம். மூன்று நிமிடக் காதல் பாட்டு போதாது என்று ராக் இசைக்காரர்கள் நினைத்த காலம் 1960-களின் கடைசி. 1969 அக்டோபரில் கிங் கிரிம்சனின் முதல் இசைத்தட்டு வந்தது. அதில் கேட்கும் பெரிய வாத்தியக் குழுவின் ஓசை உண்மையில் வாத்தியக் குழு அன்று. ‘மெல்லோட்ரான்’ என்ற ஒரு பெட்டி. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் ஒலிநாடாத் துண்டு. கட்டையை அழுத்தினால் அந்த நாடாவில் பதிந்திருக்கும் வயலின் ஓசை சுமார் எட்டு விநாடி ஒலிக்கும், பிறகு நின்றுவிடும். சூடு ஏறினால் சுருதி நழுவும். அந்த வயலின்கள் அழுவதுபோல் கேட்பதற்கு அந்த நழுவலும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பாட்டு ஏன் இருபது நிமிடம்? இதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் வேண்டாம். அன்றைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய இருபது நிமிடம்தான் கொள்ளும். பக்கம் முழுவதையும் ஒரே பாட்டுக்குக் கொடுத்தார்கள். யெஸ் குழுவின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ 1972-இல் அப்படி வந்தது. அதே ஆண்டு ஜெனசிஸ் குழுவின் ‘சப்பர்ஸ் ரெடி’ ஏறத்தாழ 23 நிமிடம். ஜெத்ரோ டல் குழு இரண்டு பக்கத்துக்கும் ஒரே பாட்டு என்று ‘திக் ஆஸ் எ பிரிக்’கை அதே 1972-இல் வெளியிட்டது. அதுவோ ஒரு குறும்பு. அதற்கு முந்தைய இசைத்தட்டைப் பெரிய காவியம்போல விமர்சகர்கள் எழுதிவிட்டார்கள். “காவியம்தானே வேண்டும், இந்தா பிடி” என்று நையாண்டியாகச் செய்தார்கள். இசைத்தட்டின் உறையே 12 பக்கச் செய்தித்தாள்! கிண்டலுக்குச் செய்தது அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கே போய்விட்டது. கிண்டல் யாரைச் சேர்ந்தது என்று சொல்லுங்கள்.

சரி, சண்டைக்கு வருவோம். இந்த ரசிகர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்குக் கணக்கு முக்கியம். யார் கடினமாக வாசித்தார்கள், எத்தனை முறை தாளம் மாறியது என்று பார்ப்பார்கள். அவர்கள் யெஸ் பக்கமோ கிங் கிரிம்சன் பக்கமோ நிற்பார்கள். மற்றக் கட்சிக்குக் கனிவு முக்கியம். மனத்தைத் தொட்டதா, அது போதும் என்பார்கள். அவர்கள் பெரும்பாலும் பிங்க் ஃபிலாய்ட். “உங்கள் ஆட்களுக்கு வேகமாக வாசிக்கவே தெரியாது” என்று முதல் கட்சி இடிக்கும். “உங்கள் ஆட்களுக்கு எங்கே நிறுத்துவது என்றே தெரியாது” என்று இரண்டாம் கட்சி திருப்பிக் கொடுக்கும்.

நேயர்களே, இதை எங்கோ கேட்டதுபோல் இல்லையா? கச்சேரி முடிந்து வெளியே வரும்போது, “கணக்கு வழக்கெல்லாம் பிரமாதம், பாவம்தான் குறைவு” என்று ஒருவர் சொல்வாரே, அதே வழக்குதான். ஆகவே இதைத் தீர்க்க நம் காதிலேயே தராசு இருக்கிறது.

பிங்க் ஃபிலாய்டின் ‘மணி’ என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1973-இல் வந்த ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ தொகுப்பில் உள்ளது. காசு குலுங்கும் ஓசையோடு தொடங்கும். கையில் தாளம் போட்டுப் பாருங்கள், ஏழு ஏழாக வரும். நம் மிச்ர சாபு தெரிந்த அப்பாவுக்கு அது ஒரு புதிராகவே இராது. சாக்சபோன் அதே ஏழில் வாசிக்கிறது. கிட்டார் தனியாக எழும்பும் இடத்தில் தாளம் சட்டென்று நாலுக்கு மாறிவிடுகிறது. ஏன்? நொண்டி நடை போட்டவன் ஓடத் தொடங்குகிறான், அவ்வளவுதான். கேட்பவனுக்குக் கணக்கு மாறியதே தெரியாது. வேகம் பிடித்தது மட்டும் தெரியும். ஜெத்ரோ டல்லின் ‘லிவிங் இன் தி பாஸ்ட்’, 1969-இல் வந்தது, ஐந்தில் நடக்கும். கண்ட சாபுவுக்குத் தொடை தட்டிய கை அதற்கும் தட்டும். ‘சப்பர்ஸ் ரெடி’யின் பிற்பகுதியில் மற்ற வாத்தியங்கள் ஒன்பதைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஆர்கன் வேறு வேறு கணக்குகளில் மேலே உலாவிவிட்டு வந்து சேரும். சங்கீர்ணத்தில் தாளம் ஓட, மேலே ஒரு வித்வான் விளையாடி இடத்துக்கு வருவதைப்போலத்தான். அப்பா கதவைத் திறந்து உள்ளே போனால் பிள்ளைக்கே பாடம் எடுக்கலாம்!

இப்போது கணக்குக் கட்சி சறுக்கிய இடத்தையும் பார்க்க வேண்டும். இந்த வகை ரசிகர்கள் இன்றுவரை அதிகம் மோதிக்கொள்ளும் இசைத்தட்டு, யெஸ் குழு 1973 டிசம்பரில் வெளியிட்ட ‘டேல்ஸ் ஃப்ரம் டோப்போகிராஃபிக் ஓஷன்ஸ்’. அதன் மூலம் எது தெரியுமா? பரமஹம்ச யோகானந்தரின் ‘ஒரு யோகியின் சுயசரிதம்’. 1973 மார்ச்சில் ஒரு திருமண விருந்தில் பாடகர் ஜான் ஆண்டர்சனுக்குக் கிங் கிரிம்சனின் ஜேமி மியூர் அந்த நூலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பிறகு நூலைப் படித்த ஆண்டர்சனின் கண்ணில் ஓர் அடிக்குறிப்பு பட்டது. சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று சாத்திரங்களை நான்காகப் பிரித்துச் சொல்லும் குறிப்பு. நான்கு சாத்திரம், நான்கு பாட்டு, இரண்டு இசைத்தட்டு, நான்கு பக்கம் என்று மனிதர் முடிவு கட்டிவிட்டார். மொத்தம் எண்பது நிமிடத்துக்கு மேல்.

பிரிட்டனில் அது முதலிடத்துக்குப் போனது. ஆனால் குழுவுக்குள்ளேயே ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. கீபோர்டு வாசித்த ரிக் வேக்மன்தான் அவர். நான்கு பக்கத்தை நிரப்புவதற்காக இழுத்துக்கொண்டு போகிறோம் என்பது அவர் குறை. மான்செஸ்டரில் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே, தமக்கு வேலை இல்லாத இடத்தில், மேடையிலேயே கறியும் சோறும் வரவழைத்துச் சாப்பிட்டார். அப்பளம்கூட இருந்ததாம். அவரே பல முறை சொல்லிச் சிரித்த கதை இது. யோகானந்தரின் அடிக்குறிப்பில் தொடங்கிய இசைக்கு இந்தியக் கறியாலேயே எதிர்ப்பு! 1974-இல் அவர் குழுவை விட்டும் போய்விட்டார்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும். ‘குளோஸ் டு தி எட்ஜ்’ பதினெட்டு நிமிடத்துக்கு மேல் ஓடியும் ஒரு நிமிடம்கூட வீண் இல்லை. ‘டோப்போகிராஃபிக் ஓஷன்ஸ்’ பாதியாகச் சுருங்கியிருந்தால் இரண்டு மடங்கு நின்றிருக்கும். இரண்டும் ஒரே குழுவின் திறமைதான். முதலாவதில் நீளம் பாட்டிலிருந்து பிறந்தது. இரண்டாவதில் தட்டின் பக்கத்திலிருந்து பிறந்தது. ராக ஆலாபனை ஐம்பது நிமிடம் போகலாம், ராகத்தில் சரக்கு இருந்தால். இல்லாவிட்டால் சபாவின் கேன்டீனில் கூட்டம் கூடும். வேக்மன் மேடையைவிட்டு இறங்காமலே கேன்டீனுக்குப் போனவர்.

பிங்க் ஃபிலாய்டைப் பொறுத்தவரை, ‘டார்க் சைட்’ 1973-க்கும் 1988-க்கும் இடையில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 741 வாரம் இருந்தது. விற்பனையை வைத்துச் சிறப்பை நிறுத்துப் பார்க்கக்கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாவு, காசு, காலம், பித்து என்று யாருக்கும் புரியும் நான்கு பொருளைப் பாடி, கணக்கைப் பாட்டுக்குள் ஒளித்துவைத்தார்கள். அந்த ஒளித்துவைப்பும் ஒரு வித்தை. வேகமாக வாசிப்பது மட்டும் வித்தை என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1970-களின் நடுவில் பங்க் இசைக்காரர்கள் கிளம்பினார்கள். செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடகர் ஜானி ராட்டன் பிங்க் ஃபிலாய்டை வெறுப்பதாகச் சட்டையில் எழுதியே போட்டுக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்து, தாம் அப்படி வெறுத்ததில்லை என்றார்!

கடைசியாக ஒன்று, இது அப்பாக்களுக்கு. இந்த இசை நமக்கு அந்நியம் என்று சொல்லிவிட முடியாது. மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா நடத்திய கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். பிறகு அவர் தொடங்கிய ‘சக்தி’ குழுவில் தபேலாவுக்கு ஜாகிர் உசேன், கடத்துக்கு விக்கு விநாயக்ராம், வயலினுக்கு எல். சங்கர். சங்கரின் தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். பிள்ளையின் இளமையும் அங்கேதான். ஜெனசிஸின் பழைய பாடகர் பீட்டர் கேப்ரியல் 1975-இல் குழுவை விட்டுப் பிரிந்தவர். அவர் 1989-இல் வெளியிட்ட ‘பேஷன்’ இசைத்தட்டில் இரட்டை வயலின் வாசித்தவரும் இதே சங்கர்தான். ஜெனசிஸ் ரசிகனான பிள்ளை அந்தத் தட்டைக் கட்டாயம் வைத்திருப்பான். இன்று இரவு அவனிடம் கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள். பதிலுக்கு, இளையராஜா 1986-இல் பாக்கையும் தியாகராசரையும் நினைத்துச் செய்த ‘ஹவ் டு நேம் இட்’டை அவனுக்குப் போட்டுக் காட்டுங்கள். பிறகு எந்தக் குழு பெரியது என்று தாராளமாகச் சண்டை போடலாம்.