கட்டுரையின் அடியில் இல்லாத வரி

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. தலித் குடும்பங்கள் மிகுதியாக வாழும் பகுதி அது. மாண்டவர்களில் பலர் அன்றாடக் கூலிகள். அதன்பின் டாஸ்மாக், மதுவிலக்கு, ஏழைகளின் 'ஒழுக்கம்' எனக் கருத்துக் கட்டுரைகள் பெருகின. திருக்கோவிலூரில் கைப்பேசியில் இத்தகைய கட்டுரையைப் படிக்கும் மாணவருக்கு எழுதியவரின் பெயரும் 'அரசியல் விமர்சகர்' என்ற அடைமொழியும் கிடைக்கும். அவர் எந்தக் கட்சிக்காகப் பணிபுரிகிறார், மது ஆலையில் அவருக்குப் பங்குண்டா, தளத்தின் உரிமையாளருக்கு வேறென்ன தொழில் என்பவை பெரும்பாலும் கிடைக்கா.

இதைத்தான் நலன் முரண் என்கிறோம். கட்டுரை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எழுதுபவருக்கோ வெளியிடுபவருக்கோ முடிவில் ஆதாயம் இருந்து, அது வாசகரிடம் மறைக்கப்பட்டால் போதும்.

தமிழ்நாட்டில் இது சிக்கலானது. 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில் உள்ளது. விற்பதும் அரசு, கள்ளச்சாராயத்தைத் தடுப்பதும் அரசு, ஊடகங்களுக்கு விளம்பரம் தருவதும் அரசு. 'முரசொலி'யைப் படிப்பவருக்கு அது திமுகவின் ஏடு என்று தெரியும். அங்கே ஏமாற்று இல்லை. 'புதிய தலைமுறை' எஸ்.ஆர்.எம். கல்விக் குழுமத்தோடு தொடர்புடையது. அக்குழுமத்தின் நிறுவனர் பாரிவேந்தர் 2019இல் பெரம்பலூரில் உதயசூரியன் சின்னத்தில் வென்றார். 2024இல் தாமரைச் சின்னத்தில் தோற்றார். தனியார் பல்கலைக்கழகக் கட்டணம் பற்றிய கட்டுரை அத்தகைய தளத்தில் வருமானால், வாசகருக்கு இத்தகவல் தேவை.

பங்குச் சந்தையில் இந்த ஒழுங்கு சட்டமாகவே இருக்கிறது. செபியின் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு பங்கைப் பரிந்துரைக்கும் ஆய்வாளர் அதில் தமக்குள்ள நிதி நலனை வெளிப்படுத்த வேண்டும். ஒரு சேரியின் தலைவிதியைப் பற்றித் தீர்ப்பெழுதுபவருக்கு அப்படியொரு கட்டாயம் கிடையாது. பத்திரிகை உலகின் சுயகண்காணிப்பையும் பெரிதாக நம்புவதற்கில்லை. பணம் பெற்று வெளியிடப்படும் செய்திகள் குறித்து இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் துணைக்குழு அளித்த அறிக்கையின் சுருக்கமே 2010இல் வெளிவந்தது. முழு அறிக்கை 2011இல், மத்தியத் தகவல் ஆணையத்தின் உத்தரவுக்குப் பிறகே வெளியானது.

பணத்தை விடவும் எளிதில் மறைந்துகொள்வது சாதி நலன். ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 121 செய்தியறைத் தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. ஆயினும் இடஒதுக்கீடு பற்றி தலித் ஒருவர் எழுதினால் அது 'தன் சாதிக்காக எழுதுவது'. அதனால் போட்டி குறைந்து பயனடைந்தவர் எதிர்த்து எழுதினால் 'நடுநிலை'.

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்ற காங்கிரசின் கோரிக்கையை அவர் எதிர்த்தபோது, யார் நலனுக்காகப் பேசுகிறார் என்று எவரும் தேட வேண்டியிருக்கவில்லை, முகப்பிலேயே அச்சாகியிருந்தது. காங்கிரஸ் ஆதரவு ஏடுகள் தங்கள் வாசகர் வீட்டுப் பிள்ளைகளே அத்தேர்வை எழுதுவார்கள் என்பதை அப்படி முகப்பில் போட்டுக்கொள்ளவில்லை.

கருணாபுரத்துக்குப் பிறகு கல்வராயன் மலை முழுவதுமே சாராய மலையாகப் பேசப்பட்டது. அம்மலைவாழ் மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலையும் மருத்துவமும் அங்கே அரசியல் கேள்விகள். அவற்றைத் தவிர்த்துவிட்டு மக்களின் குடியை மட்டும் பேசும் கட்டுரை கண்ணில் படும்போது, எழுதியவரின் பெயரைத் தேர்தல் ஆணையத்தின் வேட்பாளர் பிரமாணப் பத்திரங்களிலும், தளத்தை நடத்தும் நிறுவனத்தின் இயக்குநர்களை நிறுவனப் பதிவேட்டிலும் தேடிப் பாருங்கள். இரண்டும் இணையத்தில் பொதுவில் உள்ளவை.