மணிக்கணக்கிற்கு அப்பால்: தொண்டூழியமும் மாணவர் நோக்கும்

சிங்கப்பூர்த் தமிழில் நன்கு வேரூன்றிவிட்ட சொற்களுள் ‘தொண்டூழியம்’ என்பதும் ஒன்று. தமிழகத்தில் ‘தன்னார்வத் தொண்டு’ என்று வழங்குவதை நாம் இங்கே இச்சொல்லால் குறிக்கிறோம். தொண்டு, ஊழியம் ஆகிய இரண்டுமே பணி செய்தலைக் குறிப்பவை. ‘தன்னார்வம்’ என்னும் சொல்லில் வெளிப்படையாகத் தெரியும் விருப்பம், ‘தொண்டூழியம்’ என்னும் சொல்லில் மறைந்து நிற்கிறது. நடைமுறையிலும் அவ்விருப்பம் சில வேளைகளில் மறைந்துபோவதுண்டு. மாணவர் ஒருவர் செய்யும் தொண்டூழியம் அவருடைய உலகப் பார்வையையும் தொழில் இலக்கையும் எவ்வாறு வடிவமைக்கிறது, எப்போது வடிவமைக்கத் தவறுகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பள்ளிக்குள் வந்த தொண்டு

நம் பள்ளிகளில் தொண்டூழியம் ஒழுங்கான வடிவம் பெற்ற ஆண்டு 1997. அவ்வாண்டு கல்வி அமைச்சு அறிமுகப்படுத்திய சமூக ஈடுபாட்டுத் திட்டத்தின்கீழ், மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 6 மணி நேரம் சமூகப் பணியில் ஈடுபட வேண்டியிருந்தது. 2012இல் அதன் இடத்தில், நற்பண்புகளைச் செயலில் காட்டுவதை நோக்கமாகக் கொண்ட புதிய திட்டம் வந்தது. செலவிட்ட நேரத்தைவிட, அப்பணியிலிருந்து மாணவர் கற்றுக்கொண்டது என்ன என்பதற்கு அது முதன்மை அளித்தது. உயர்நிலைப்பள்ளிகளில் 2014இல் நடைமுறைக்கு வந்த இணைப்பாட நடவடிக்கை மதிப்பீட்டு முறையில், சேவையும் ஒரு கூறாக இடம்பெற்றது. அக்கூறின் முதல் நிலையை எட்டுவதற்கே 24 மணி நேரமாவது பணியாற்றியிருக்க வேண்டும். எல்லாக் கூறுகளையும் சேர்த்து நல்ல தேர்ச்சி பெறுவோருக்கு, மேற்கல்விச் சேர்க்கையின்போது 2 புள்ளிகள் வரை சலுகையும் கிடைக்கிறது.

இவ்வேற்பாட்டால் விளைந்த நன்மையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. தொண்டூழியம் செய்யும் பழக்கம் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கும் முதியோர் இல்லத்தின் வாயிலைப் பள்ளியே திறந்துவிடுகிறது. ஆயினும், எண்ணப்படுகின்ற எதுவும் எண்ணிக்கைக்காகவே செய்யப்படும் ஆபத்து உண்டு. “இன்னும் எத்தனை மணி நேரம் மீதமிருக்கிறது?” என்னும் கேள்வியை ஆசிரியர்கள் பலரும் கேட்டிருப்பார்கள்.

விருப்பமும் கட்டாயமும்

உளவியலாளர்கள் இச்சிக்கலை ஆராய்ந்திருக்கிறார்கள். மக்கள் தொண்டூழியம் செய்வதற்கான தூண்டுதல்களைக் கில் கிளேரி, மார்க் ஸ்னைடர் முதலியோர் 1998இல் ஆறாக வகுத்தனர். தாம் போற்றும் விழுமியங்கள், உலகைப் புரிந்துகொள்ளும் ஆவல், நண்பரோடும் சுற்றத்தோடும் இணைந்திருக்கும் விருப்பம், தொழில் முன்னேற்றம், மனச்சுமையிலிருந்து விடுபடுதல், தன்மதிப்பை வளர்த்துக்கொள்ளுதல் ஆகியவையே அவ்வாறும். இப்பட்டியலில் தொழில் நோக்கமும் இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. எதிர்காலத்தை எண்ணித் தொண்டூழியத்தில் இறங்கும் மாணவரைத் தன்னலக்காரர் என்று நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஒருவரிடம் பல தூண்டுதல்கள் சேர்ந்தே இயங்குகின்றன.

இவர்கள் ஆர்தர் ஸ்டூகாஸ் என்பவரோடு இணைந்து 1999இல் வெளியிட்ட ஆய்வு, கட்டாயத் தொண்டூழியத்தின் விளைவை நோக்கியது. தாமாகத் தொண்டூழியம் செய்யும் எண்ணம் அதிகம் இல்லாதோரிடம் கட்டாயம் செலுத்தப்பட்டபோது, பிற்காலத்தில் அத்தகைய பணியில் ஈடுபடும் நாட்டம் அவர்களிடம் மேலும் தளர்ந்தது. நாம் யாரை ஈர்க்க விரும்புகிறோமோ அவர்களே விலகிப்போகக்கூடும் என்பது இதன் பொருள். இதற்காகத் திட்டங்களைக் கைவிட வேண்டியதில்லை. எங்கே, யாருக்கு, எவ்வகைப் பணி என்பதில் மாணவருக்குத் தெரிவு இருந்தால், விதிக்கப்பட்ட பணியும் நாளடைவில் சொந்தப் பணியாக மாற இயலும்.

பரிவிலிருந்து புரிதலுக்கு

பார்வை எவ்வாறு மாறுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தாதிமை இல்லம் ஒன்றிற்கு உயர்நிலை மூன்று மாணவி ஒருத்தி செல்வதாகக் கொள்வோம். முதல் நாள், குழுவோடு பாடிவிட்டுப் பழங்களைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறாள். ‘பாவம்’ என்னும் ஒற்றைச் சொல்லே அவள் மனத்தில் எஞ்சுகிறது. தொடர்ந்து வாரந்தோறும் சென்று அதே மூதாட்டியிடம் அமரும்போது கேள்விகள் எழத் தொடங்குகின்றன. பாட்டி ஏன் உணவை ஒதுக்குகிறார்? பிடிவாதமா, பசியின்மையா, விழுங்குவதில் சிரமமா? மியன்மாரிலிருந்தோ பிலிப்பீன்சிலிருந்தோ வந்த பராமரிப்பு ஊழியரிடம் அவர் அதை எந்த மொழியில் சொல்வார்?

முதுமை மறதிநோய் முற்றும்போது, பிற்காலத்தில் கற்ற மொழிகள் நழுவித் தாய்மொழியே எஞ்சுவதுண்டு. அந்நிலையில் இருக்கும் தமிழ் மூதாட்டிக்குத் தமிழறிந்த ஒருவர் அருகில் இருப்பது மருந்துக்கு ஒப்பானது. “தொண்டையில அடைக்குது” என்று அவர் சொல்வதைக் கேட்டு ஊழியரிடம் எடுத்துரைக்கும் மாணவி, அன்று இரண்டைக் கற்கிறாள். வாய்மொழித் தேர்வுக்காகப் பயின்ற தன் தமிழ் ஒருவருக்குத் தேவைப்படுகிறது என்பது ஒன்று. பாட்டியின் துயரத்திற்குக் காரணங்கள் உள்ளன, அவற்றுட் சில நீக்கக்கூடியவை என்பது மற்றொன்று. பரிவு என்பது தொடக்கம். காரணத்தைத் தேடும்போதே அது புரிதலாக வளர்கிறது. இவ்வளர்ச்சிக்கு ஒரே ஒரு வருகை போதாது.

தொழிலுக்கு ஓர் உரைகல்

பெரும்பாலான மாணவர்கள் அறிந்த தொழில்கள் மிகச் சிலவே. மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர், ஆசிரியர் என்னும் பட்டியல் அதற்குமேல் பெரும்பாலும் நீள்வதில்லை. நாம் மேலே கண்ட மாணவியோ, பாட்டிக்கு உணவு எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதை மதிப்பிட வருபவர் பேச்சு சிகிச்சையாளர் என்பதை அங்கேதான் அறிகிறாள். பேச்சோடு விழுங்குதலையும் கவனிக்கும் அத்தொழிலை எந்தப் பாடநூலும் அவளுக்கு அறிமுகப்படுத்தியிருக்காது. தாதியர், சமூக சேவை ஊழியர், இயன்முறைச் சிகிச்சையாளர் ஆகியோரின் அன்றாடப் பணியையும் அவள் அருகிலிருந்து காண்கிறாள்.

கற்பித்தலிலும் இவ்வாறே. 1991இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான ‘சிண்டா’, துணைப்பாட வகுப்புகளையும் வாசிப்புத் திட்டங்களையும் நடத்தி வருகிறது. இத்தகைய முயற்சிகளில் தொண்டூழியராக இணையும் இளையர், பின்னங்களைச் சிறு பிள்ளைக்கு விளக்கும்போது, தாம் மனனம் செய்ததற்கும் புரிந்துகொண்டதற்கும் உள்ள இடைவெளியைக் காண்கிறார். அதே விளக்கத்தை மூன்றாம் முறை சொல்ல நேரும்போது தமக்குப் பொறுமை இருக்கிறதா, சலிப்பு வருகிறதா என்பதையும் அறிந்துகொள்கிறார்.

சலிப்பு வந்தால் அதுவும் பயனே. “இத்தொழில் எனக்கு ஏற்றதன்று” என்று பதினாறு வயதில் தெளிவது, பட்டம் பெற்ற பின் தெளிவதைவிட நன்று. தொண்டூழியத்தை ஓர் உரைகல்லாகக் கொள்ளலாம். உரைகல் பொன்னை உருவாக்குவதில்லை, இருப்பதைக் காட்டுகிறது. தாதிமையில் ஏற்கெனவே நாட்டமுள்ளவரே தாதிமை இல்லத்தைத் தேர்ந்திருக்கலாம். ஆதலால், தொண்டூழியம்தான் ஒருவரைத் தாதியாக்கியது என்று எளிதில் முடிவுகட்ட இயலாது. மங்கலாக இருந்த நாட்டத்திற்கு அது உருவம் தந்தது என்று கூறுவதே பொருந்தும்.

சிந்தனைக்கு ஓர் இடம்

அனுபவங்கள் அனைத்தும் ஒரேயளவு கல்வி தருவதில்லை என்று ஜான் டூயி 1938இலேயே எழுதினார். 1984இல் டேவிட் கோல்ப் இக்கருத்தை நான்கு படிகளாக விரித்தார். அனுபவம் பெறுதல், அதனை எண்ணிப் பார்த்தல், அதிலிருந்து பொதுக்கருத்தை வகுத்தல், அக்கருத்தை மீண்டும் செயலில் சோதித்தல் என்பவை அவை. பள்ளிகளில் முதற்படியோடு நின்றுவிடும் பணிகளே மிகுதி. பேருந்தில் ஏறிப் பள்ளிக்குத் திரும்பியதும் பணி முடிந்துவிடுகிறது.

ஆகவே ஆசிரியர்களுக்கு நாம் மூன்று பரிந்துரைகளை முன்வைக்கிறோம். முதலாவது, பல இடங்களுக்கு ஒவ்வொரு முறை அழைத்துச் செல்வதினும், ஓரிடத்திற்குப் பலமுறை அழைத்துச் செல்லுதல். இரண்டாவது, பணியைத் திட்டமிடும் கட்டத்திலேயே மாணவரின் தெரிவுக்கு இடமளித்தல். மூன்றாவது, பணிக்குப் பின் அரைப் பக்கமாவது எழுதச் செய்தல். ‘இன்று நான் எதிர்பாராதது எது? அதற்குக் காரணம் என்ன? அடுத்த முறை எதை மாற்றிச் செய்வேன்?’ என்னும் மூன்று வினாக்கள் அதற்குப் போதும். தமிழாசிரியர்கள் அதனைத் தமிழில் எழுதச் செய்தால், கட்டுரைப் பயிற்சிக்கும் உண்மையான பொருள் கிடைக்கும்.

மாணவர்களுக்குத் திருக்குறளின் 22ஆம் அதிகாரத்தை நினைவூட்ட விரும்புகிறோம். ஈகையைப் பற்றிய 23ஆம் அதிகாரத்திற்கு முன்னர் வள்ளுவர் வைத்த அதற்கு ‘ஒப்புரவறிதல்’ என்று பெயர். ஒப்புரவு என்பது உலகத்தோடு இசைந்து உதவி வாழ்தல். அதனைச் ‘செய்தல்’ என்னாது ‘அறிதல்’ என்று அத்தலைப்பு கூறுகிறது. உதவுவதற்கும் ஓர் அறிவு வேண்டும், உதவுவதால் ஓர் அறிவு பிறக்கும் என இருவகையாகவும் நாம் அதனைப் பொருள்கொள்ளலாம். சான்றிதழில் 24 மணி நேரம் என்று பதிவான பின்னரும், 25ஆம் மணி நேரத்திற்கு அதே இல்லத்தின் கதவைத் தட்டும் மாணவர் அவ்வறிவின் சுவையைக் கண்டவராவார்.