கடற்படையிலிருந்து வணிகக் கப்பலுக்கு

பத்தாண்டு கடலிலே கழித்த ஒருவனுக்கு வேறொரு கப்பலில் வேலை பெறுவது எளிதென்றே எவரும் எண்ணுவர். போர்க்கப்பலும் கப்பல், சரக்குக் கப்பலும் கப்பல். காற்றும் அலையும் நீரோட்டமும் இரண்டிற்கும் பொதுவானவை. இராணுவ லொறி ஓட்டியவன் ஓய்வுபெற்றபின் தனியார் லொறி ஓட்டுவதுபோல, கடற்படையை விட்டவன் மறுநாளே வணிகக் கப்பலின் ஏணியில் ஏறலாம் எனக் கொள்வது இயற்கையே. உண்மை அவ்வாறன்று. இருபது ஆண்டு சேவை செய்து, ஒரு பிரிவுக்கே தலைவராயிருந்த ஒருவர், வணிகக் கப்பல்களின் தராதரப் பத்திர அலுவலகத்தின் முன்னே புதிய மாலுமியாக நிற்க நேர்வதுண்டு. இஃது ஏன் நிகழ்கின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் இம்மாற்றத்திற்கான விதிகள் எழுத்தில் விரிவாக அமைந்திருத்தலின் அந்நாட்டையே எடுத்துக்கொள்கின்றேன்.

காரணத்தின் வேர் ஓர் உடன்படிக்கையில் உள்ளது. கப்பற் பணியாளரின் பயிற்சி, தராதரப் பத்திரம், காவல்முறை ஆகியன பற்றிய சர்வதேச உடன்படிக்கை 1978 ஆம் ஆண்டிற் செய்யப்பட்டு 1984 இல் நடைமுறைக்கு வந்தது. 1995 இலும் 2010 இலும் அது பெரிதுந் திருத்தப்பட்டது. எமது இலங்கையும் அதனை ஏற்ற நாடுகளுள் ஒன்று. இன்று வணிகக் கப்பல் உத்தியோகத்தர் எந்நாட்டவராயினும் அவர் கையிலுள்ள பத்திரம் இவ்வுடன்படிக்கையின் அளவுகோலாலேயே மதிக்கப்படும். ஆனால் போர்க்கப்பல்களிற் பணிபுரிவோரை இவ்வுடன்படிக்கை தன் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டது. கடற்படைகள் தத்தம் வீரரைத் தத்தம் முறைப்படி பயிற்றுவிக்கும். அப்பயிற்சி எத்துணைச் சிறந்ததாயினும் அதன் முடிவிற் கிடைப்பது வணிகக் கப்பலிற் செல்லுபடியாகும் பத்திரமன்று. ஒரே கடலில் இரண்டு நாணயங்கள் வழங்குகின்றன என்று கூறலாம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது வட்டம் கழிக்கப்படுகின்றது.

அவ்வட்டம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் வணிகக் கப்பற் பணியாளருக்குப் பத்திரம் வழங்கும் பொறுப்பு கரையோரக் காவற்படையினுடையது. போர்க்கப்பலிற் பணியாற்றிய நாட்களுள் நூற்றுக்கு அறுபதையே பொதுவாகக் கடலோடிய நாட்களாக அது ஏற்கும். கடற்படைக் கப்பல் பல நாட்கள் துறைமுகத்திலே கட்டுண்டு கிடப்பது இதற்குக் காரணமாகக் கொள்ளலாம். எல்லையற்ற தொன்னளவுடைய கப்பல்களில் மூன்றாம் துணை உத்தியோகத்தராவதற்கு, கப்பலார் வழக்கில் 'தேட் மேற்' ஆவதற்கு, மேற்றளப் பணியில் 1,080 நாட்கள் வேண்டும். ஒரு நாளை அறுபது வீதமாகக் கணக்கிட்டால் அந்த 1,080 நாட்களைச் சேர்க்கப் போர்க்கப்பலில் 1,800 நாட்கள் இருந்திருத்தல் வேண்டும், ஏறத்தாழ ஐந்தாண்டு. பன்னிரண்டு ஆண்டுச் சேவையில் ஆறாண்டு கரையிலுள்ள பயிற்சிக்கூடத்திலும் அலுவலகத்திலுங் கழிந்ததெனின், எஞ்சிய ஆறாண்டுக்குக் கிடைப்பது 1,314 நாட்களே. அவையும் எல்லோருக்குங் கிடையா. சுக்கான், கடற்படம், நங்கூரம், கயிறு என்பவற்றோடு தொடர்புடைய பணிகள் மேற்றளக் கணக்கிற் சேரும். இயந்திரங்களோடு தொடர்புடையவை எஞ்சின் கணக்கிற் சேரும். ஏவுகணைகளைப் பராமரிப்பதில் நிபுணராயிருந்தவர் கடலில் எத்தனை ஆண்டு இருந்தாலும், செலுத்து மேடையிற் காவற்கடமை புரிந்ததைத் தனியே நிறுவினாலன்றி, அந்நாட்கள் மேற்றளப் பத்திரத்திற்கு உதவா.

இனிக் கப்பலின் பருமன் பற்றிய சிக்கலொன்றுண்டு. போர்க்கப்பலின் பருமனை அது இடம்பெயர்க்கும் நீரின் நிறையாற் கூறுவர். ஆர்லி பேர்க் வகுப்பைச் சேர்ந்த அமெரிக்க நாசகாரிக் கப்பல் சுமார் 9,000 தொன் என்பது அந்தக் கணக்கு. வணிகக் கப்பலின் 'மொத்தத் தொன்னளவு' என்பதோ நிறையன்று. கப்பலின் உள்ளே அடைபட்ட வெளியின் கனவளவிலிருந்து பெறப்படும் எண். 1969 ஆம் ஆண்டின் தொன்னளவு உடன்படிக்கை இதனை வகுத்தது. அவ்வுடன்படிக்கையும் போர்க்கப்பல்களை விலக்கியே வைத்தது. மேற்றளப் பத்திரங்களின் எல்லைகள் மொத்தத் தொன்னளவிலேயே குறிக்கப்படுவதால், போர்க்கப்பலின் எண்ணை அப்படியே விண்ணப்பத்தில் எழுதினால் பயனில்லை. நிறையையுங் கனவளவையும் மயக்குவது எம் பௌதிக வகுப்பிலும் நிகழ்ந்த பிழைதான். இங்கே அதற்கு விலை அதிகம்.

நாட்கணக்கை விட்டு வேலையின் தன்மையைப் பார்ப்போம். என் அபிப்பிராயத்தில் பெரிய வேறுபாடு இங்கேதான் உள்ளது. மேற்கூறிய நாசகாரிக் கப்பலில் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் இருப்பர். நள்ளிரவில் அதன் செலுத்து மேடையிற் சென்று பார்த்தால், காவற் பொறுப்பாளர், அவருடைய உதவியாளர், சுக்கானுக்குக் கட்டளையிடுபவர், சுக்கான் பிடிப்பவர், கடற்படத்திற் கப்பலின் இடத்தைக் குறிப்பவர், புறத்தே பார்த்திருப்போர் எனப் பலர் நிற்பர். கீழே மற்றொரு கூட்டம் ராடார்த் திரைகளை நோக்கியிருக்கும். அதனைவிடப் பன்மடங்கு பெரிதான கொள்கலன் கப்பலிலோ மொத்தமாகவே இருபது அல்லது இருபத்தைந்து பேர். அதே நள்ளிரவில் அங்கே செலுத்து மேடையில் ஓர் உத்தியோகத்தர், புறத்தே நோக்க ஒரு மாலுமி. ராடாரைப் பார்ப்பவரும், கடற்படத்தைப் பார்ப்பவரும், எதிரே வருங் கப்பலுக்கு வழிவிடுவதா என முடிவுசெய்பவரும் அந்த ஒருவரே. கடற்படையில் எட்டுப் பேருக்குப் பங்கிடப்பட்ட அறிவு இங்கே ஒரு தலைக்குள் இருத்தல் வேண்டும். கடற்படையினர் திறமையிற் குறைந்தவரென்பது இதன் பொருளன்று. போரில் அடிபட்டுப் பாதிப்பேர் வீழ்ந்தாலும் எஞ்சியோர் கப்பலை நடத்தவேண்டும் என்பதற்காகவே அங்கு ஆட்கள் மிகுதியாக உள்ளனர். வணிகக் கப்பலுக்கு அக்கவலையில்லை. அதற்குள்ள கவலை செலவு.

இக்கட்டுரையாளன் கடற்படையிற் சேர்ந்தவனல்லன்; வணிகக் கப்பலொன்றின் எஞ்சின் அறையிற் சில ஆண்டுகள் கழித்தவன். அக்காலத்திற் கடற்படையிலிருந்து விலகிய ஒருவர் நான்காம் எஞ்சினியராக எம்முடன் சேர்ந்தார். எம்மில் எவரினும் வயதில் மூத்தவர். கரைநீங்கிய முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு நாங்கள் கைகழுவி மேலே வந்தபோது, இராக்காவலுக்கு எவர் நிற்கின்றார் என வினவினார். எவருமில்லை என்றேன். நகைக்கின்றேன் என்றே அவர் நினைத்தார். இக்காலக் கப்பல்கள் பலவற்றில் இரவில் எஞ்சின் அறை ஆளின்றியே இயங்கும். ஏதேனுங் கோளாறு தோன்றினால் முறைக்குரிய எஞ்சினியரின் படுக்கையறையில் மணி ஒலிக்கும்; அவர் செலுத்து மேடைக்கு அறிவித்துவிட்டுத் தனியே இறங்கிச் செல்வார். அன்றிரவு அம்மனிதர் உறங்கவில்லை. மூன்று முறை கீழே சென்று பார்த்துவந்தார் என்பதை மறுநாள் அவரே கூறினார்.

எஞ்சின் பற்றியே இன்னொன்று. ஆர்லி பேர்க் வகுப்புக் கப்பல்களைச் செலுத்துபவை நான்கு வாயுச் சுழலிகள், அதாவது காஸ் டேர்பைன்கள். ஆகாயவிமான எஞ்சினின் இனத்தைச் சேர்ந்தவை. சரக்குக் கப்பல்களுட் பெரும்பாலானவற்றைச் செலுத்துவது மெதுவாகச் சுழலும் மாபெரும் டீசல் எஞ்சின். அமெரிக்கப் பத்திரங்களில் நீராவி, டீசல், வாயுச் சுழலி என எஞ்சின் வகை குறிக்கப்படும். ஒருவகையிற் பழகியவர் மற்றைய வகைக்குரிய அனுமதியைத் தனியே ஈட்டல் வேண்டும். வாயுச் சுழலி ஒன்றிலேயே பத்தாண்டு தேர்ச்சி பெற்றவருக்கு வணிகத்துறையில் அத்தேர்ச்சியை வேண்டுங் கப்பல்கள் மிகச் சில.

அவர் கொண்டுவரும் முதலீடு சிறிதென்று எண்ணிவிடலாகாது. தீயணைப்பிலும், நீர் புகுந்த அறையை அடைப்பதிலும் கடற்படையினர் பெறும் பயிற்சிக்கு நிகராக வணிகக் கப்பலில் எதனையும் நான் கண்டதில்லை. கட்டளையைத் திருப்பிக் கூறி உறுதிசெய்யும் பழக்கமும், நாட்பதிவை ஒழுங்காக எழுதும் பழக்கமும் அவர்களிடம் ஊறியவை. அவர் புதிதாகக் கற்கவேண்டியவை வேறு: சரக்கை எங்கே எவ்வளவு ஏற்றினாற் கப்பல் சமநிலையில் நிற்கும், நிலைச்சுமை நீரை எப்போது இறைப்பது, எண்ணெய்க் கழிவு பற்றிய சட்டங்கள், சரக்குக்குரியோருடன் பத்திரங்களைப் பரிமாறும் முறை. போர்க்கப்பலுக்குச் சரக்கு என்பதே இல்லையல்லவா? இவற்றோடு ராடார், மின்னணுக் கடற்படம், வானொலித் தொடர்பு ஆகியவற்றில் அங்கீகாரம் பெற்ற பாடநெறிகளும், இறுதியிற் பரீட்சையும் உண்டு.

எழுத்துச் சான்று எத்துணை முக்கியமென்பதை அமெரிக்கக் கடற்படை துன்பத்தின் வாயிலாகவே உணர்ந்தது. 2017 ஆம் ஆண்டு யூன் 17 இல் யப்பானுக்கு அண்மையில் 'பிற்ஸ்ஜெரால்ட்' என்ற நாசகாரி கொள்கலன் கப்பலொன்றுடன் மோதியது, எழுவர் மாண்டனர். அவ்வாண்டு ஓகஸ்ற் 21 இல் சிங்கப்பூர் நீரிணையை அணுகுகையில் 'ஜோன் எஸ். மக்கெயின்' என்ற நாசகாரி எண்ணெய்க் கப்பலொன்றுடன் மோதியது, பதின்மர் மாண்டனர். விசாரணைகள் கப்பலோட்டும் அடிப்படைப் பயிற்சியின் குறைபாடுகளைச் சுட்டின. அமெரிக்கக் கடற்படையில் மேற்பரப்புக் கப்பல் உத்தியோகத்தர் ஒருவர் செலுத்து மேடை, எஞ்சின், ஆயுதம் என எல்லாத் துறைகளிலும் மாறிமாறிக் கடமை செய்வர். வணிகக் கப்பலிலோ மேற்றளத்தார் மேற்றளத்தாராகவே உயர்வர். அவ்விபத்துக்களின் பின், உத்தியோகத்தர் தாம் செலுத்து மேடையிற் கழித்த மணிகளைத் தனிக் குறிப்பேட்டிற் பதிவுசெய்தல் வேண்டும் என்ற முறையைக் கடற்படை புகுத்தியது. வணிகக் கப்பலிற் பயிலும் இளைஞன் முதல்நாள் தொட்டே பயிற்சிப் பதிவேடு வைத்திருப்பவன் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

சட்டமுஞ் சிறிது இளகியுள்ளது. உத்தியோகத்தர் பத்திரத்தை முதன்முறை பெற விண்ணப்பிப்பவர் அண்மைய மூன்றாண்டுக்குள் மூன்று மாதமாவது கடலோடியிருத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. படையினரைப் பொறுத்தவரை அம்மூன்றாண்டை 2014 ஆம் ஆண்டுச் சட்டமொன்று ஏழாண்டாக நீட்டியது. சேவையின் கடைசி ஆண்டுகளைக் கரையிற் கழித்து விலகியவர் பலருக்கு இது கதவைத் திறந்தது. 2019 மார்ச்சில் வெளியான சனாதிபதி ஆணையொன்று, படைப்பயிற்சியை இயன்றவரை பத்திரத்திற்கு ஏற்கவும், படையினரிடம் பத்திரக் கட்டணம் அறவிடாதிருக்கவும் வழிசெய்யுமாறு பணித்தது. ஆயினும் விலகுமுன் செய்துகொள்ள வேண்டிய காரியம் ஒன்றுண்டு. எந்தக் கப்பலில், எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை, எக்கடமையில் இருந்தார் என்ற விபரத்தை அவர் சேவையிலுள்ளபோதே பெற்றுக்கொள்ளல் வேண்டும். விலகற் பத்திரம் மொத்தக் காலத்தைக் கூறுமேயன்றி இவ்விபரங்களைத் தராது. பல ஆண்டின் பின், கலைக்கப்பட்ட கப்பலொன்றின் ஏடுகளைத் தேடுவது எளிதன்று.

இரு உலகங்களுக்கும் நடுவே ஒரு திண்ணையும் உண்டு. அமெரிக்கக் கடற்படைக்கு எரிபொருளும் உணவும் வெடிமருந்தும் ஏற்றிச்செல்லும் கப்பல்கள் பல, 1949 இல் நிறுவப்பட்டு 1970 முதல் இராணுவக் கடற் போக்குவரத்துத் தலைமையகம் என்னும் பெயரோடு இயங்கும் அமைப்பினுடையவை. கப்பல்கள் அரசினுடையவையாயினும் அவற்றை ஓட்டுவோர் வணிகப் பத்திரம் பெற்ற சிவிலியர். கடற்படையின் பழக்கவழக்கங்களை அறிந்தவருக்கு இது ஏற்ற இடம். ஆனால் அங்கும் ஆட்பஞ்சம் கடுமை. மாலுமிகள் போதாமையால் 17 கப்பல்களைப் பணியிலிருந்து ஒதுக்கும் திட்டம் 2024 இல் வெளிவந்தது. திறமையுள்ளவர் கரையிற் பத்திரத்துக்குக் காத்திருக்க, கப்பல்கள் ஆளின்றிக் கட்டுண்டு கிடப்பதென்பது விசித்திரமான காட்சியே.

பதவி இழப்பைப் பற்றியுங் கூறவேண்டும். நாற்பது வயதில், நூறு பேருக்குக் கட்டளையிட்ட பின்னர், இருபத்தைந்து வயது இளைஞனிடம் வேலை கேட்டு நிற்பது எவருக்கும் உவப்பானதன்று. எம்முடன் வந்தவர் அதைப்பற்றி ஒருநாளும் வாய்திறந்ததில்லை. சேர்ந்து நான்கு மாதமளவில் ஓரிரவு எரிபொருள் வடிகட்டி அடைபட்டு மணி ஒலித்தது. முறை அவருடையது. செலுத்து மேடைக்கு அறிவித்து, தனியே இறங்கி, மாற்று வடிகட்டிக்குத் திருப்பி, அடைபட்டதைத் துப்புரவாக்கி, மீண்டும் படுக்கைக்குச் சென்றுவிட்டார். காலையில் நாட்பதிவைத் திறந்தபோதுதான் எமக்குச் செய்தி தெரிந்தது. இரண்டு வரிகள், அழகான கையெழுத்தில்.