டெங்கு: உடலின் எச்சரிக்கையை முறிக்கும் வைரஸ்

ஏடிஸ் கொசு கடிக்கும்போது டெங்கு வைரஸ் தோலுக்குள் நுழைகிறது. அதை முதலில் எதிர்கொள்வது பிறவியிலேயே அமைந்த நோயெதிர்ப்பு. தொற்றுக்குள்ளான செல், 1957-இல் கண்டறியப்பட்ட இன்டர்ஃபெரான் என்னும் புரதத்தைச் சுரந்து அண்டைச் செல்களை எச்சரிக்கிறது.

இந்த எச்சரிக்கையை டெங்கு மூன்று வழிகளில் முறிக்கிறது. செல்லின் உட்சவ்வுகளைப் பைகளாக மடித்து, அவற்றுள் மறைந்து தன் ஆர்.என்.ஏ.வைப் படியெடுக்கிறது. அதன் என்.எஸ்.2பி3 நொதி, ஆபத்தை உணர்த்தும் ஸ்டிங் புரதத்தை வெட்டுகிறது. என்.எஸ்.5 புரதமோ, இன்டர்ஃபெரானின் செய்தியை உட்கருவுக்குக் கொண்டுசெல்லும் ஸ்டாட்2 புரதத்தைச் சிதைக்கச் செய்கிறது. பின்னிரண்டும் எலிகளின் புரதங்களிடம் பலிப்பதில்லை, மனிதரிடம் பலிக்கின்றன.

இப்புரதங்களுக்குச் சாதி தெரியாது. வேறுபடுவது கடிபடும் வாய்ப்பே. ஏடிஸ், தேங்கிய நன்னீரில் பெருகுகிறது. நாள்தோறும் குழாய்நீர் வராத சேரிகளிலும் காலனிகளிலும் குடங்களிலும் தொட்டிகளிலும் நீரைச் சேமிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அங்கே சென்று ‘நீரைத் தேக்காதீர்கள்’ என அறிவுறுத்துவது, அரசின் பொறுப்பை மக்கள் தலையில் சுமத்துவதாகும். டெங்கு வைரசை அழிக்கும் தனி மருந்து இன்றுவரை பயன்பாட்டில் இல்லை. எனவே, சீரான குடிநீருக்கான போராட்டம் நோய்த்தடுப்புக்கான போராட்டமும் ஆகும்.